இடைவெளிகளை மறைத்தபோது

கூட்ட அறைத் திரையில் கணினி புரோகிராம் ஒன்று முழுவதும் சிவப்பும் பச்சையுமாகப் பூத்திருந்தது. பழைய வரிகள் சிவப்பு, புதியவை பச்சை.

"ஒரே வாரத்துல இவ்ளோ மாத்திட்டீங்களா, இளவழகன்?" என்றார் மேலாளர்.

இளவழகன் அடக்கமாகச் சிரித்துக்கொண்டான். வரிகளுக்கு முன்னால் இடைவெளி விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்ததைத் தவிர அவன் பெரிதாக ஒன்றும் செய்திருக்கவில்லை.

மேலாளர் ஏதோ நினைத்தவராக, வெறும் இடைவெளி மாற்றங்களை மறைக்கும் பொத்தானை அழுத்தினார். நிறமெல்லாம் வடிந்து திரை வெளுத்தது. உச்சியில் இரண்டே வரிகள் மிஞ்சின. சிவப்பில், 'எழுதியவர்: ரெஜினா'. பச்சையில், 'எழுதியவர்: இளவழகன்'.

அவனுக்குக் காது மடல் கொதித்தது. பக்கத்து நாற்காலியிலிருந்து ரெஜினா மெதுவாகச் சொன்னாள்.

"இன்னொரு தடவை ரெஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க சார். சில நேரம் இது தப்பாக் காட்டும்."