அதே சிப்தான்

"இதைவிட நல்லது கடையில இல்ல மேடம்."

மெல்லிய லேப்டாப்பை இரண்டு கைகளாலும் பதமாக ஏந்தி அவள் முன்னால் வைத்தான். எந்தப் பொருளையும் யாரிடமும் அவன் இவ்வளவு மரியாதையாகக் காட்டியதில்லை.

வந்திருந்தவள் ஒரு கணினி விளையாட்டு அணியின் கேப்டன். ஒரு காலத்தில் அவனும் அந்த அணியில் ஆடியவன், அவளை அக்கா என்று அழைத்தவன். அரையிறுதியில், சுட வேண்டிய நேரத்தில் அவன் திரை திக்கித் திக்கி நின்றது. அணி தோற்றது. எல்லார் எதிரிலும் அவள் சொன்னது இன்னும் அவன் காதை விட்டுப் போகவில்லை.

"மரக்கட்டை கைடா உனக்கு. போய் எங்கயாவது பொட்டி தூக்கு."

பொட்டிதான் தூக்கிக்கொண்டிருந்தான், இந்த லேப்டாப் கடையில்.

ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி, அவரவர் மெஷினில்தான் ஆட வேண்டும், நல்லதாக ஒன்று வேண்டும் என்றாள். அவளுக்கு ஆடத் தெரியும், மெஷின் வாங்கத் தெரியாது. மேடம் எதற்கு, பழையபடி கூப்பிடு என்றும் சொல்லிப் பார்த்தாள். அவன் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

பக்கத்தில் தடியாக, லட்சணமே இல்லாமல் இன்னொன்று கிடந்தது. இரண்டிலும் ஒரே கிராபிக்ஸ் சிப். தடியனில் அதற்கு முழு மின்சாரம் போகும். மெல்லியதில் பாதிதான்; சூடேறினால் அதுவும் குறைந்து ஆட்டம் நொண்டும். ஆனால் அந்த ஒல்லி உடம்புக்காக விலை ஒன்றரை மடங்கு. அட்டைப்பெட்டியில் சிப்பின் பெயரைப் பெரிதாக அச்சடிப்பார்கள். அதற்கு எத்தனை வாட் மின்சாரம் போகும் என்று மூச்சுவிட மாட்டார்கள்.

"சிப் ஒண்ணுதானே? அப்புறம் ஏன் இது மட்டும் இவ்வளவு விலை?"

"தரம் மேடம்."

"உனக்கு வாங்கறதா இருந்தா எதை எடுப்ப?"

கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்விதான். மற்றவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுவான்.

"கண்ணை மூடிக்கிட்டு இதைத்தான்" என்று மெல்லியதைத் தொட்டான்.

ஓட்டியும் காட்டினான். முதல் சில நிமிடங்கள் எந்த மெஷினும் வழுக்கிக்கொண்டு ஓடும். சூடேறுவதற்குள் மூடிவிட்டான்.

பெட்டியின் சீல் அறுந்துவிட்டால் திரும்ப எடுப்பதில்லை என்பது கடை விதி. அவள் பணம் கட்டியதும் புதுப் பெட்டியைக் கொண்டுவந்து சீலை அவனே அறுத்தான். ஞாயிறன்று, நிறைந்த அரங்கத்தில் இவள் திரை திக்கும். யார் கை மரக்கட்டை என்று ஊரே பார்க்கும். நினைக்கும்போதே அவன் வயிறு குளிர்ந்தது.

அவள் பெட்டியை எடுக்கவில்லை. அவன் பக்கம் தள்ளினாள்.

அணியில் ஒருவன் விலகிவிட்டான், இடம் காலி என்றாள். அந்த அரையிறுதியின் வீடியோவை இப்போதுதான் உட்கார்ந்து முழுதாகப் பார்த்தாளாம். அன்று திணறியது அவன் கை இல்லை, அவனுடைய ஓட்டை லேப்டாப்தான் என்று புரிந்ததாம். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை இதுல நீதான்டா ஆடுற."