ரகசிய நண்பன்

தென்காசிப் பக்கத்துக் குருமடத்தில் சாரல் மாதம் வந்தால் ‘ரகசிய நண்பன்’ குலுக்கல் நடக்கும். சீட்டில் யார் பெயர் வருகிறதோ, அவனுக்காக ஜெபிக்க வேண்டும். அவனுக்கே தெரியாமல் சின்னச் சின்ன உதவிகளும் செய்ய வேண்டும். யாருக்கு யார் என்பது மாதக் கடைசியில் குற்றாலத்தில் குளித்த பிறகுதான் வெளிவரும். ஒன்றுமே செய்யாதவன் குருவாகத் தகுந்தவனா என்று அதிபர் தந்தை யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

அங்கே குருவாகப் படிக்கும் மிக்கேலுக்கு அந்த மாதம் முழுக்க வயிறு எரிந்தது. கூடப் படிக்கும் வியான்னியின் செருப்பு சேறு போகத் துடைத்திருந்தது. துணி காயாத சாரலிலும் அவன் வெள்ளை அங்கி தேய்த்து மடித்திருந்தது. ஏற்கெனவே பாட்டு, பிரசங்கம் எல்லாவற்றிலும் அவனுக்குத்தான் பேர்.

“யாருலே உனக்கு இம்புட்டும் செய்யுதான்?” என்று கேட்டான் மிக்கேல்.

“ஏம்லே, உனக்கும் வேணுமோ?” என்று சிரித்தான் வியான்னி.

ஐந்தருவியில் குளித்துத் தலை துவட்டியதும் அதிபர் தந்தை கேட்டார். “வியான்னி பேரு யாருக்கு விழுந்துச்சு?”

மிக்கேல் தலையைக் குனிந்தபடி கையைத் தூக்கினான்.

எல்லாரும் கைதட்டினார்கள். “எனக்கு இப்படியொரு நண்பன் வாய்க்கலையே!” என்றார் அதிபர் தந்தை.

மிக்கேல் வியான்னியை ஓரமாக இழுத்தான். “நான் ஒண்ணுமே செய்யலையேலே! பொறாமையில உனக்காக ஒரு ஜெபம்கூடச் சொல்லல. யாரு செஞ்சா?”

“நாந்தான். சீட்டைப் பிரிச்சதும் என்னையப் பாத்து உன் மூஞ்சி போன போக்கு தெரிஞ்சுச்சு. இன்னைக்கு எல்லார் முன்னாலயும் நீ முழிக்கக் கூடாதுல்லா?”