பிரேக்கில் புகுந்த காற்று

காருக்குள் ரிஸ்னா. பின் சக்கரத்தடியில், சாக்கை விரித்து மல்லாந்து கிடந்த ரஸீன். வாசலில், பிளாஸ்டிக் கதிரையில், ரிஸ்னாவின் உம்மா ரபீகா. அந்தப் பிற்பகலில் முற்றத்தில் இருந்தவர்கள் இவ்வளவுதான்.

மூவரில் யார் இல்லாவிட்டாலும் வேலை நடந்திருக்காது.

முந்தாநாள் காலை ஹேவாஹெட்ட வீதியில் இறங்கும்போது, வளைவில் ரிஸ்னாவின் பிரேக் பெடல் பஞ்சுபோல அடிவரை போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஒரு சக்கரத்தை வீதியோரக் கானுக்குள் விட்டுத்தான் நிறுத்தினாள். மற்றப் பக்கம் பள்ளம்.

கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கராஜ்காரன் அடுத்த கிழமை என்றான். நாளைக் காலையில் அவள் அதே பாதையில்தான் கண்டிக்கு, படிப்பிக்க இறங்க வேண்டும்.

உம்மாதான் ரஸீனுக்குப் போன் போட்டாள்.

"அமத்துங்க."

ரிஸ்னா மிதித்தாள்.

"அப்படியே பிடிங்க."

பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற, அவன் சக்கரத்துக்குப் பின்னாலிருந்த நிப்பிளைத் தளர்த்தினான். பழைய பிரேக் ஒயில் குமிழி குமிழியாகக் குழாய் வழியே வெற்றுச் சோடாப் போத்தலில் இறங்கியது. நிப்பிளை இறுக்கினான்.

"இப்ப விடுங்க."

மறுபடி அமத்துங்க. மறுபடி பிடிங்க. வேறு ஒரு பேச்சும் இல்லை.

குமிழி நிற்கிற நேரம் பார்த்து, மலைக்குக் கீழே அஸர் பாங்கு கேட்டது. உம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ரஸீன் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே, "விடுங்க" என்றான்.

நிப்பிள் திறந்தே இருந்தது.

பெடல் மேலே வந்த வேகத்தில் குழாய் காற்றை உறிஞ்சிக்கொண்டது. அந்தச் சக்கரத்துக்குப் பட்ட பாடெல்லாம் வீண்.

"ஒரு வேலைய ஒரே தரத்துல முடிச்ச மனுசனா நீங்க?" என்றாள் உம்மா.

காருக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவனுக்கும் சிரிப்பு வந்தது. அந்த முற்றத்தில் இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

"நான் தொழுதுட்டு வாறன். அதுவரைக்கும் ஒண்டும் செய்யவாணாம்" என்றாள் உம்மா.

ரஸீன் சாக்கைச் சுருட்டிவைத்துவிட்டு, கேட்டைத் தாண்டிப் போய் ஒழுங்கையில் நின்றான். ரிஸ்னா இறங்கி உம்மாவின் பின்னால் வீட்டுக்குள் போனாள். தூறல் தொடங்கியது. ஜெக்கில் ஏறிய கார் மட்டும் முற்றத்தில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நனைந்தது.

தெரிந்த ஆட்டோக்காரன் ஒருவன் வேகத்தைக் குறைத்தான். "என்ன மச்சான், வெளிய தள்ளிட்டாங்களா?"

"மாமி தொழுறாங்க" என்றான் ரஸீன்.

ஆட்டோக்காரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போய்விட்டான்.

உம்மா திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்த பிறகுதான் ரஸீன் கேட்டுக்குள் கால் வைத்தான். முதலிலிருந்து தொடங்கினான். எஞ்சினருகே இருந்த தாங்கியில் ஒயில் குறையக் குறையப் புது ஒயில் ஊற்றினான். நாலு சக்கரமும் முடிகிறபோது குழாயில் தேன் நிறத்தில் தெளிவாக வந்தது. ஒரு குமிழி இல்லை.

உம்மாவை ஏற்றிக்கொண்டு ரிஸ்னா இறக்கத்தில் மெதுவாக விட்டாள். ரஸீன் ஒழுங்கையில் நின்று பார்த்தான்.

வளைவில் காரின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. கார் நின்றது. ஆணி அடித்த மாதிரி நின்றது.

முந்தாநாளிலிருந்து ரஸீனின் நெஞ்சில் அடைத்துக் கிடந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

"பெடல் கல்லு மாதிரி ஈக்குது" என்றாள் ரிஸ்னா, திரும்பி வந்து, ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. பிறகு, "பெரிய உதவி" என்றாள். உள்ளே போனாள்.

உம்மா பிளேன்டீயை வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"உள்ளுக்கு வாங்க எண்டு சொல்ல ஏலாம ஈக்குது, மகன். வெள்ளிக்கிழமையோட இத்தா முடிஞ்சிட்டுது."

"தெரியும் மாமி."

தலாக்குக்குப் பிறகு ரிஸ்னா காத்திருக்க வேண்டிய மூன்று மாத இத்தாவும் முடிந்திருந்தது. மனம் மாறியிருந்தால் அதற்குள் மாறியிருக்கலாம். இரண்டு பேருக்கும் மாறவில்லை. பெரிய சண்டை ஒன்றும் இல்லை, களைத்துப் போயிருந்தார்கள். இனி அவன் ரிஸ்னாவுக்கு அந்நிய ஆண். உம்மாவின் கண் படாத இடத்தில் அவளோடு ஒரு முற்றத்தில்கூட நிற்க முடியாது.

நின்றபடியே குடித்துவிட்டுக் கோப்பையைப் படியில் வைத்தான். கறுத்த ஒயில் போத்தலை எடுத்துக்கொண்டான்.

"மேல் கொண்டியையும் போடச் சொல்லுங்க மாமி." இரவு வேலைக்குப் போன காலத்தில், ரிஸ்னா ஆண் துணையில்லாமல் இருப்பாளே என்று அவன் வாசல் கதவின் உச்சியில் பொருத்திய கொண்டி அது.

கேட்டருகே போய்த் திரும்பாமல் நின்றான்.

கதவு சாத்தப்பட்டது. சாவி திரும்பியது. பிறகு, உயரத்தில், கொண்டி விழுந்தது.

ரஸீன் நடந்தான்.