முதல் கணக்கு

நாட்டிலேயே வேகமான கணினியை வடிவமைத்துக் கட்டியவள் செல்வநாயகி. பணம் போட்ட முதலாளி ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்திருந்தார். அது போடும் முதல் கணக்கு அவருடைய அப்பா பெயரைச் சூட்டும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். அப்படியொரு கணக்கைத் தேர்ந்தெடுக்க அமைத்த குழு மூன்று வருடமாகக் கூடிக் கலைந்துகொண்டிருந்தது. மழை, வெள்ளம் என்று அவள் எழுதிக் கேட்டதெல்லாம் "சின்ன விஷயம்" என்று திரும்பி வந்தது. அதனால் தினமும் காலையில் அதே சோதனைக் கணக்கைக் கொடுப்பாள். பதினோரு விநாடியில் அதே விடை வரும். தாள் கிழிகிற மாதிரி அழுத்தி, பதிவேட்டில் "சரி" என்று எழுதுவாள். மறுநாள் வரை கணினியின் ஆயிரம் பெட்டிகளும் சும்மா நிற்கும்.

அன்று கடலில் புயல். எங்கே கரை கடக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. செல்வநாயகி யாரையும் கேட்காமல் புயலைக் கணினிக்குக் கொடுத்தாள். விசிறிகள் எல்லாம் ஒன்றாக இரைந்தன. தரை அதிர்ந்தது. அவள் மேசைத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு கரையை நோக்கி மெல்ல வளர்ந்தது.

சட்டென்று எல்லாம் அடங்கியது.

காவலாளி முத்துக்கருப்பன் கதவருகே, மின்சாரத்தைத் துண்டிக்கச் சுவரிலிருந்த அவசரப் பொத்தானில் வைத்த கையை எடுக்காமல் மூச்சு வாங்க நின்றார்.

"நல்லவேளை மேடம், நான் பக்கத்துலயே இருந்தேன். மூணு வருஷமா நல்லாத்தான் இருந்துச்சு, இன்னிக்கு என்னமோ ஆயிடுச்சு."

மறுபடி இயக்க இரண்டு நாளாகும். திரையில் கோடு கடலுக்குள்ளேயே நின்றிருந்தது.