ஐந்தாவது பெயர்

பத்தாம் வகுப்பு வினாத்தாள் அச்சாக இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது.

தேர்வு அலுவலகத்தின் கடைசி அறையில் அவள் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிரிண்டர் அவளையும் சேர்த்து ஐந்து பேருக்குத்தான் பணியும். அந்த ஐந்து கடவுச்சொற்களையும் இன்றே மாற்றியாக வேண்டும்.

ஒவ்வொருவராக வந்தார்கள். கட்டளையையும் வந்தவரின் பெயரையும் அடித்துவிட்டு, அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவர் தன் கடவுச்சொல்லை இரண்டு முறை அடிப்பார். திரையில் ஒரு புள்ளிகூட விழாது.

தட்டச்சர் அக்காவுக்கு அதில் நம்பிக்கையே இல்லை.

"என்னடி இது, கெணத்துல போட்ட கல்லு மாதிரி? உள்ள போச்சா இல்லையா?"

"போயிடுச்சுக்கா."

கணக்கருக்கு மட்டும் வேறு கட்டளை. மகள் இந்தத் தேர்வை எழுதுவதாக அவரே படிவத்தில் குறித்திருந்தார். அவர் பெயரை நீக்கினாள்.

அவளும் அந்தப் படிவத்தைக் கொடுத்திருந்தாள். கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர்: இவர்களில் யாராவது தேர்வு எழுதுகிறார்களா? மூன்று கட்டங்கள், மூன்றிலும் 'இல்லை'. ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. அதுதான் முள்ளாகக் குத்தியது.

ஒப்பந்த வேலை. இந்த அச்சு பழுதில்லாமல் முடிந்தால் நிரந்தரம் என்று கண்காணிப்பாளர் சொல்லியிருந்தார்.

அதைக்கூட அவள் வீட்டில் சொல்லவில்லை. அலுவலகக் கதையைத் துருவித் துருவிக் கேட்கிற அம்மா, இரண்டு மாதமாக அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. இவள் பையைக் கீழே வைத்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறாள்.

எழுந்தாள். உட்கார்ந்தாள். தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று தெரிந்தும் பாட்டிலை மறுபடி திறந்து பார்த்தாள்.

பிறகு தன் பெயரை அடித்து, நீக்கினாள்.

நீக்கினால் ஆயிற்றா? அடுத்த நிமிடமே இதே விரல்கள் அதைத் திரும்பச் சேர்த்துவிட முடியும். வாயைத் திறந்தால்தான் உண்டு.

கண்காணிப்பாளர் வந்து, அவள் தோளுக்கு மேலாகத் திரையிலிருந்த பெயர்களை எட்டிப் பார்த்து எண்ணினார்.

"மூணு பேருதான் இருக்கு. உன் பேரு எங்கம்மா? உனக்கென்ன புள்ளையா குட்டியா, தம்பியா தங்கச்சியா?"

சுவர்ப் பக்கம் திரும்பப் போனவள், திரும்பவில்லை.

"யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க. எங்கம்மா பத்தாவது எழுதறாங்க, சார்."