கூட்டப்பொருள் ஐந்து

தலைமையாசிரியர் ஐந்தாவதை வாசித்து முடிப்பதற்குள் எல்லாக் கையும் உயர்ந்துவிட்டது.

அவள் கை மட்டும் மேசைமேல் இருந்தது.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அவள்தான் தலைவர். இதுவரை எதற்கும் கை தூக்காமல் இருந்ததில்லை. அன்றைக்கே நான்கு பொருள் முடிந்திருந்தது. குடிநீர்த் தொட்டி கழுவ ஆள். உடைந்த பெஞ்சுக்கு ஆசாரி. மதில் ஓரத்து முள்செடி. ஆண்டு விழாத் தேதி. அவர் நின்றபடி வாசிப்பார். இவர்கள் தூக்குவார்கள். அடுத்தது.

ஐந்து: கழிவறை சுத்தம் செய்யத் தற்காலிகப் பணியாளர். பெயர், சுகந்தி.

சுகந்தி அவளுடைய தங்கை.

“வெளியாளைத் தேட வேண்டாம்னு பார்த்தேன்மா,” என்றார் தலைமையாசிரியர். கெட்ட மனிதர் இல்லை. உதவி செய்துவிட்ட நிறைவு முகத்தில் இருந்தது. “உங்கம்மா இந்த வேலையில இருந்தவரைக்கும் யாரும் ஒரு குறை சொன்னதில்ல. உங்க குடும்பத்துக்குள்ளயே இருக்கட்டும்.”

“உங்கம்மா காசியம்மா கழுவினா பளிங்கு மாதிரி இருக்கும்,” என்றாள் மளிகைக்கடை கோமதி. தூக்கிய கைகளில் அவள் கைதான் எல்லாவற்றிலும் உயரமாக இருந்தது.

“கைய எறக்கும்மா. பஸ்ஸு ஒண்ணும் வரல,” என்றார் வார்டு மெம்பர் தண்டபாணி.

சிரித்தார்கள்.

சுகந்தியின் அக்கா சிரிக்கவில்லை.

சுகந்தி விண்ணப்பம் போட்டது உண்மை. தலைமையாசிரியர் கையில் அதைக் கொண்டுவந்து கொடுத்ததே இவள்தான். கம்ப்யூட்டர் அறைக்கு ஆள் வேண்டும் என்று பள்ளி வாசலில் ஒட்டியிருந்தார்கள். அதற்குப் போட்டது.

அது ஆறாவது பொருள். அதில் அவர் எழுதி வைத்திருந்தார்: விண்ணப்பம் எதுவும் வரவில்லை. ஒத்திவைக்கலாம்.

சுகந்தி பி.காம். கம்ப்யூட்டர் சான்றிதழும் வைத்திருக்கிறாள். சூளையில் அக்கா சுமந்த செங்கல்லில் படித்தவள்.

அவர் ஏமாற்றவில்லை. இவர்கள் தெருவிலிருந்து ஒரு தாள் வந்தால், எந்த வேலைக்கு என்று படித்துப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. அவருக்கு முன்னால் இருந்தவருக்கும் இல்லை.

அவளுக்குக் கோபம் வந்தது. சூளையில் மேஸ்திரி ஏசும்போது வருகிற அதே கோபம். அங்கே அதை விழுங்கிக்கொண்டு அடுத்த நடைக்குப் போய்விடுவாள்.

இங்கே போக அடுத்த நடை இல்லை.

“சார், அது ஆறாவதுக்குப் போட்டது.”

அவருக்குப் புரியவில்லை.

“எங்க சுகந்தி. கம்ப்யூட்டர் வேலைக்குப் போட்டிருக்கா. எடுத்துப் படிச்சுப் பாருங்க.”

எடுத்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை.

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கோமதியின் கை கடைசியில்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா,” என்றார். “நான் எப்பவும் போல...”

“தெரியும் சார்.”

எழுந்தாள்.

“இது என் தங்கச்சி விஷயம். நான் உக்காந்து கை தூக்கினா நாளைக்குப் பேச்சு வரும். நான் வெளிய நிக்கிறேன். நீங்க பேசுங்க. வேணாம்னா வேணாம்னு எழுதுங்க. ஆனா ஆறாவதுல எழுதுங்க.”

தாழ்வாரத்துக்கு வந்தாள்.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பத்தாம் வகுப்பில் யாரோ சூத்திரம் ஒப்பித்தார்கள். இந்தத் தாழ்வாரத்தில்தான் அம்மா வாளியோடு நிற்பாள். எல்லாப் பிள்ளையும் வகுப்புக்குள் போன பிறகே நடப்பாள். எவ்வளவு நேரமானாலும் சுவரில் சாயமாட்டாள்.

இவளும் சாயவில்லை.

உள்ளே தண்டபாணி இருமினார். என்னவோ சொன்னார். யாரோ பதில் சொன்னார்கள். 

கிடைக்காவிட்டால் தங்கையிடம் என்ன சொல்வது என்று யோசித்தாள். ஒன்று மட்டும் சொல்லலாம். உன்னை எந்த வேலைக்கு வேண்டாம் என்றார்களோ, அது நீ கேட்ட வேலை.

அதுவே கொஞ்சம் நிமிர்த்தியது.

“இதுல யோசிக்க என்னாங்க இருக்குது,” கோமதியின் குரல். “எங்க கடை ஸ்டாக்கு மொத்தமும் அந்தப் பொண்ணுதான் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுத்துச்சு. என் வூட்டுக்காரரு மூணு மாசம் மொறச்சிப் பாத்துக்கினு இருந்தாரு அந்தப் பொட்டிய.”

வளையல் சத்தம் கேட்டது. ஒரு கை. பிறகு நாலைந்து கை சேர்ந்தாற்போல.

தண்டபாணி வெளியே எட்டிப் பார்த்தார். “திங்கக்கெழம வரச் சொல்லும்மா தங்கச்சிய. உள்ள வா.”

போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். யாருக்கும் நன்றி சொல்லவில்லை. தங்கை விண்ணப்பம் போட்டாள், வேலை கிடைத்தது. அவ்வளவுதான்.

“அஞ்சு அப்படியே நிக்குதே,” என்றார் தலைமையாசிரியர். அவளைப் பார்க்காமல் சொன்னார்.

“கேட்டுருவோம் சார்.” எல்லோர் பக்கமும் திரும்பினாள். “கக்கூஸ் கழுவுற வேலைக்கு யாரு வீட்லருந்து வர்றீங்க? கை தூக்குங்க.”



கோமதி முந்தானையைச் சரிசெய்தாள். தண்டபாணி செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டார்.

அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கேலி செய்யவில்லை. கேள்வி கேட்டவள் பதிலுக்குக் காத்திருந்தாள், அவ்வளவே.

ஒரு கையும் உயரவில்லை.

“சரி, அப்ப சம்பளத்துலருந்து பேசுவோம்,” என்றாள்.

அதுவரை நின்றபடியே வாசித்துக்கொண்டிருந்த தலைமையாசிரியர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.