முதல் சுற்று

லாஸ் வேகஸ் கோபுரத்தின் உச்சியில், காலையின் முதல் சுற்றுக்கு ராட்டினத்தின் இரும்புக் கை தயாராக நின்றது. நாலு பேரைத் தூக்கி, ஊருக்கு மேலே அந்தரத்தில் சுழற்றும் கை.

டாரெல் பட்டையைப் பூட்டிக்கொண்டு பக்கத்து இருக்கையைப் பார்த்தான். கம்பளிச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் கம்பியை இறுகப் பிடித்தபடி தலைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

அடுத்தவர் பயம் என்றால் டாரெலுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி.

“என்ன பெரிசு, கீழ பார்த்தா தலை சுத்துதா?”

பெரியவர் மேலேயிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நான் இந்த ஊர்லயே பொறந்தவன். உங்கள மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். தரையில நிக்கிற வரைக்கும்தான் வீராப்பெல்லாம்.”

“வாயை மூடிட்டு உக்காரு” என்றாள் பின்னாலிருந்த அவன் மனைவி லோரீன்.

பெரியவர் மெல்லக் கையைத் தூக்கினார். “கொஞ்சம் இரும்மா...”

காற்றில் அவர் குரல் எடுபடவில்லை. பொத்தான் அருகே நின்ற பெண், “என்னவாம்?” என்றாள்.

“பயந்து சாகுறாரு” என்று டாரெல் கத்தினான். “இவருக்காக நிறுத்திடாத. அமுக்கு.”

அவள் சிரித்துக்கொண்டே அமுக்கினாள். இரும்புக் கை கிறீச்சிட்டபடி விளிம்பைத் தாண்டி வெளியே நீண்டது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“அவரா பயப்படுறாரு? நல்லா ஏமாந்தீங்க” என்று அவள் கத்தியது கேட்டது. “தினமும் இதுல போல்ட்டெல்லாம் முடுக்குறதே அவர்தான். முடுக்கினவரே முதல் சுத்துல உக்காரணும்னு இங்க ரூல். ஏழு வருஷமா தூங்கிட்டேதான் போவாரு.”

டாரெல் முதன்முறையாகத் தலைக்கு மேலே பார்த்தான்.